நம் தோட்டத்துப் பெண்களுக்கு ஓட்டு சும்மாவா கிடைத்தது?

மலேசியாவின் சிலாங்கூரில், பத்தாங் காலியில் ஆசிரியையாக இருக்கும் தங்கை ஒருவர் மகளிர் தினத்துக்குக் கோயில் மண்டபத்தில் பேசப் போகிறாராம். எதை எடுத்துப் படித்தாலும் இங்கிலாந்துப் பெண்கள் சிறைக்குப் போனது, அமெரிக்கப் பெண்கள் ஊர்வலம் போனது என்றே இருக்கிறது. மலாயாவில் 1955-ல் முதல் பொதுத் தேர்தல் வந்தபோது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாகவே ஓட்டு வந்துவிட்டது. "அப்படியானால் நம் பெண்கள் இதற்காகப் போராடவே இல்லையா அக்கா? தோட்டத்துப் பாட்டிமாரைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லையா?" என்று கேட்டிருக்கிறார்.

சட்டத்தை மட்டும் பார்த்தால் அவர் சொல்வது சரி. பெண் என்பதற்காக ஓட்டு மறுக்கும் விதி எதுவும் 1955-ல் இங்கே இல்லை. அதற்காக யாரும் கடைக் கண்ணாடியை உடைக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் நம் தோட்டத்துப் பெண்களை வெளியே நிறுத்தியது வேறு ஒன்று: குடியுரிமைத் தாள். அந்தத் தாள் பெரும்பாலும் ஆண்கள் வழியாகத்தான் வீட்டுக்குள் வந்தது. அதனால் நம் பெண்களின் ஓட்டுக் கதையை 'ஓட்டுரிமைப் போராட்டம்' என்ற தலைப்பின் கீழ் தேடினால் அகப்படாது. கள்ளுக்கடை, தோட்டத்து எழுத்தரான கிராணியின் செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேடு, கோயில் கல்யாணம், பதிவுத் துறை கவுண்டர், இந்த இடங்களில்தான் அது இருக்கிறது. ஆனாலும் பேச்சுக்கு வெளிநாட்டுக் கதையும் வேண்டும். அங்கிருந்தே வருகிறேன்.

தேசிய அளவில் பெண்களுக்கு முதலில் ஓட்டுக் கொடுத்தது நியூசிலாந்து, 1893 செப்டம்பர் 19. அங்கே முன்னின்றவர் கேட் ஷெப்பர்ட். இவர்களுடைய ஆயுதம் மனுத்தான். அந்த ஆண்டு மனுக்களில் ஏறத்தாழ 32,000 பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள். வெள்ளையர் குடும்பங்களில் வயது வந்த பெண்களில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு அது. ஊர் ஊராகத் தனித்தனித் தாளில் வாங்கிய கையெழுத்துகளை ஒன்றோடு ஒன்று ஒட்டி, பாய் சுருட்டுகிற மாதிரி ஒரு கட்டையில் சுற்றி, நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். ஜான் ஹால் என்ற உறுப்பினர் அதை அவையின் நடுவில் தரையோடு உருட்டிவிட, அது விரிந்துகொண்டே போய் எதிர்ச் சுவரில் முட்டி நின்றதாம். பண்ணைக்காரர் மனைவி, தையல் வேலை செய்பவர், ஆசிரியை என்று எல்லார் பெயரும் அந்தச் சுருளில் உண்டு. மாவோரிப் பெண்களுக்கும் அதே சட்டத்தில் ஓட்டு வந்தது.

அந்தப் பெண்களை ஒன்றுசேர்த்தது எது தெரியுமா? குடி. ஷெப்பர்ட் மதுவிலக்குக்காக உழைத்த கிறிஸ்தவப் பெண்கள் சங்கத்தில் இருந்தவர். சம்பளம் சாராயக் கடைக்குப் போகிறது, அடி வீட்டுக்கு வருகிறது. இதைத் தடுக்கச் சட்டம் வேண்டும், சட்டம் செய்பவனைத் தேர்ந்தெடுக்க ஓட்டு வேண்டும் என்ற கணக்கு அது. தோட்டத்தில் பிறந்த யாருக்கும் இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை. நம் தோட்டங்களில் கள்ளுக்கடையை நடத்தியதே நிர்வாகம்தான். ரப்பர் பால் வெட்டிச் சம்பாதித்த காசு சாயங்காலமே துரையின் கடைக்குத் திரும்பிவிடும். கெடாவில் பீடோங் பக்கம் ஹார்வர்டு தோட்டத்தில் 1947-ல் தொண்டர் படை கள்ளுக்கடைக்கு எதிராகக் கிளம்பியது இந்தக் கோபத்தில்தான். நியூசிலாந்தில் அந்தக் கோபம் நாடாளுமன்றத்தில் போய் முட்டியது. இங்கே போலீஸ் தடியில் முட்டியது. அந்தப் பெண்களின் குறையைக் கேட்க அங்கே ஒரு நாடாளுமன்றம் இருந்தது. நம் ஆட்களுக்குத் துரையையும் போலீஸையும் விட்டால் போக இடமில்லை. உங்கள் பேச்சில் இதைக் கட்டாயம் சேருங்கள். மண்டபத்தில் இருக்கும் வயதான அம்மாக்கள் அந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இங்கிலாந்துக் கதை எல்லாருக்கும் தெரிந்தது, வேகமாகவே போகலாம். 1866-ல் ஜான் ஸ்டூவர்ட் மில் வழியாக முதல் பெரிய மனு. கையெழுத்துகள் 1,500-ஐ ஒட்டி. அப்புறம் நாற்பது ஆண்டு மனுவும் கூட்டமும். 1903-ல் மான்செஸ்டரில் எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட் தொடங்கிய சங்கம்தான் மறியல், கண்ணாடி உடைப்பு, சிறை என்று இறங்கியது. 1909-ல் சிறையில் உண்ணாவிரதம் ஆரம்பித்தார்கள். அரசு குழாய் வைத்து வலுக்கட்டாயமாக ஊட்டியது. 1913-ல் எமிலி டேவிசன் எப்சம் குதிரைப் பந்தயத்தில் அரசரின் குதிரைக்கு முன் ஓடி அடிபட்டு நாலாம் நாள் இறந்தார். 1918-ல் சட்டம் வந்தது, அதுவும் 30 வயதுக்கு மேல், சொத்துத் தகுதியோடு. ஆணோடு சமமாக 21 வயதில் ஓட்டு வந்தது 1928-ல்தான். சீமையின் தொழிற்சாலைகளில் வேலை செய்த இளம்பெண்கள், போராட்டத்தில் அடிவாங்கியவர்களும் சேர்த்து, 1918-ல் வெளியேதான் நின்றார்கள்.

பாடப் புத்தகங்களில் அதிகம் வராத ஒருவர்: சோபியா துலீப் சிங். பஞ்சாப் மகாராஜா ரஞ்சித் சிங்கின் பேத்தி, லண்டனில் வாழ்ந்தவர். ஓட்டு இல்லாதவளுக்கு வரியும் இல்லை என்று வரி கட்ட மறுத்து, வீட்டு நகையை ஜப்தி செய்ய விட்டார். 1910 நவம்பரில் நாடாளுமன்ற வாசலில் பெண்கள் போலீஸிடம் அடிவாங்கிய அன்று அவரும் அங்கே இருந்தார்.

அமெரிக்காவில் 1920-ல் அரசியல் சாசனத் திருத்தம் வந்தது. ஆனால் தென் மாநிலங்களில் கறுப்பினப் பெண்களை எழுத்தறிவுச் சோதனை, தலைவரி என்று சொல்லி 1965 சட்டம் வரைக்கும் பதிவேட்டில் ஏறவிடாமல் வைத்திருந்தார்கள். அந்த 45 ஆண்டு இடைவெளியை மனதில் வையுங்கள். நம் கதையிலும் அதே போல ஓர் இடைவெளி வருகிறது.

இனி நமக்குக் கிட்டத்து ஊர், சென்னை. இந்தப் பகுதியை நான் கொஞ்சம் நீட்டுவேன், ஏனென்றால் அங்கிருந்து ஒரு நூல் நேராக மலாயாத் தோட்டத்துக்கு வருகிறது.

1917-ல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியது. அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ் போன்றோரோடு அம்மு சுவாமிநாதனும் அதில் இருந்தார். அந்த டிசம்பரில், இந்தியாவுக்கான அமைச்சர் மாண்டேகு சென்னைக்கு வந்திருந்தபோது, சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு போய் ஓட்டு கேட்டது. லண்டன் நேரடியாகக் கொடுக்கவில்லை; மாகாணங்கள் விரும்பினால் கொடுக்கலாம் என்று 1919 சட்டத்தில் தள்ளிவிட்டது. 1921-ல் நீதிக்கட்சி ஆட்சியில் இருந்த சென்னை மாகாணம் முதல் ஆளாகக் கொடுத்தது. இங்கிலாந்தில் போல ரத்தக்களரி எதுவும் இல்லை. 1927-ல் புதுக்கோட்டைக்காரரான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டமன்றத்துக்குள் போனார், துணைத் தலைவரும் ஆனார்.

இதில் நாம் பெருமைப்படுவது நியாயம்தான். ஆனால் 1921-ல் ஓட்டு வந்தது சொத்து உள்ள பெண்களுக்கு. அதே ஆண்டுகளில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி பினாங்கில் இறங்கிய பெண்களுக்கு அங்கே என்ன சொத்து? சொத்து இருந்திருந்தால் கப்பலே ஏறியிருக்க மாட்டார்கள். அவர்கள் வந்து சேர்ந்த தோட்டத்தில் 1920-களின் கடைசியில் நிர்ணயித்த தினக்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. மரமும் ஒன்று, கத்தியும் ஒன்று, விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டும் ஒன்று.

நூல் என்று சொன்னேனே, அது அம்மு சுவாமிநாதனின் மகள் லட்சுமி. டாக்டருக்குப் படித்துவிட்டுச் சிங்கப்பூருக்கு வந்தவர். 1943-ல் சுபாஷ் சந்திர போஸ் ஜான்சி ராணிப் படையை அமைத்தபோது அதற்குத் தலைமை ஏற்றார். அந்தப் படையில் சேர்ந்த பெண்களில் நிறையப் பேர் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து போனவர்கள், பெரும்பாலும் தமிழர்கள், இந்தியாவைக் கண்ணால் பார்த்திராதவர்களும் உண்டு. லயத்து வீட்டிலிருந்து கால்சட்டை போட்டுப் பயிற்சி முகாமுக்குப் போவது அந்தக் காலத்தில் சாதாரண விஷயமா? அந்தப் படையில் லட்சுமிக்கு அடுத்த நிலையில் இருந்த ஜானகி தேவர் (பிற்பாடு ஜானகி ஆதி நாகப்பன்) 1946-ல் மலாயா இந்தியர் காங்கிரஸ் தொடங்கியபோது அதில் முன்னின்றவர், பிற்காலத்தில் மேலவை உறுப்பினரும் ஆனார். இன்னொருவர் ராசம்மா பூபாலன். போருக்குப் பின் ஆசிரியையாகி, பெண் ஆசிரியர்களுக்கு ஆணுக்குச் சமமான சம்பளம் கேட்டுச் சங்கம் கட்டினார். உங்கள் சம்பளச் சீட்டில் ஆண், பெண் வித்தியாசம் இல்லாமல் இருப்பதற்கு இவரைப் போன்றவர்கள் காரணம். ஆகவே "நம் பெண்கள் போராடவில்லை" என்று மட்டும் மேடையில் சொல்லிவிடாதீர்கள்.

இலங்கையையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அங்கே 1927-ல் பெண்கள் ஓட்டுரிமைச் சங்கம் தொடங்கி, டொனமூர் ஆணையத்தின் முன் போய்ப் பேசினார்கள். தோட்டத்தில் வேலை செய்யும் தமிழ்ப் பெண்களுக்கும் சேர்த்தா கேட்கிறீர்கள் என்று ஆணையத்தினர் கேட்க, ஆக்னஸ் டி சில்வா ஆமாம், அவர்களும் பெண்கள்தானே என்று பதில் சொன்னாராம். கொழும்புச் சீமாட்டி ஒருவர் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்ணையும் சேர்த்துக் கேட்டது பெரிய விஷயம். 1931-ல் இலங்கையில் வயது வந்த எல்லாருக்கும் ஓட்டு வந்தது. இந்தியத் தமிழர்களுக்குக் குடியிருப்பு நிபந்தனைகள் இருந்தாலும் மலையகப் பெண்கள் ஓட்டுப் போட்டார்கள். ஆனால் சுதந்திரம் வந்த 1948-லேயே குடியுரிமைச் சட்டம் போட்டு மலையகத் தமிழரைக் குடியுரிமைக்கு வெளியே தள்ளினார்கள். அதோடு ஓட்டும் போயிற்று.

இப்போது மலாயா. 1946-ஐ நேராகப் பார்க்க வேண்டும். பலர் இந்த இடத்தைத் தொடாமல் சுற்றிப் போவார்கள். பிரிட்டிஷார் கொண்டுவந்த மலாயன் யூனியன் திட்டத்தை எதிர்த்து மலாய்ப் பெண்கள் முதல் முறையாகக் கூட்டம் கூட்டமாகத் தெருவுக்கு வந்தார்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இருவர் சுற்றிப்பார்க்க வந்தபோது ஊர் ஊராக அவர்கள் முன் நின்று கோஷம் போட்டார்கள், மேடையேறிப் பேசினார்கள். மலாய்ப் பெண்களின் அரசியல் விழிப்பு அங்கேதான் தொடங்கியது. அது வரலாற்றில் பெரிய நிகழ்ச்சி. ஆனால் அவர்கள் எதிர்த்த அதே திட்டத்தில்தான் இங்கே பிறந்த, இங்கே குடியிருந்த மற்ற இனத்தவருக்குத் தாராளமான குடியுரிமை இருந்தது. மலாய்ப் பெண்களுக்கு அரசியல் கதவு திறந்த அதே வேளையில், திட்டம் கைவிடப்பட, நம் தோட்டத்துப் பெண்களுக்குக் கதவு மூடியது. இதற்கு அந்தப் பெண்களைக் குறைசொல்ல நான் வரமாட்டேன். சுல்தான்களின் அதிகாரமும் தங்கள் மண்ணும் போய்விடும் என்ற பயம் அவர்களுக்கு உண்மையானது. நம் பக்கத்துத் தலைவர்கள் அந்தத் திட்டத்தைக் காப்பாற்ற ஒரு விரலையும் அசைக்கவில்லை. அவர்கள் கண்ணெல்லாம் டில்லியில் கொடி ஏறுவதிலேயே இருந்தது. எனக்குக் கோபம் அதில்தான்.

1947-ல் வேறொரு முயற்சியும் நடந்தது. மலாய் இடதுசாரிகளும் மற்ற இனத்தவர் அமைப்புகளும் சேர்ந்து மக்கள் அரசியல் சாசனம் என்று ஒன்றை எழுதினார்கள். அந்தக் கூட்டணியில் மலாயா இந்தியர் காங்கிரஸும் இருந்தது, ஷம்சியா பாக்கே தலைமை வகித்த அவாஸ் என்ற மலாய்ப் பெண்கள் அமைப்பும் இருந்தது. 1947 அக்டோபர் 20-ல் நாடு தழுவிய ஹர்த்தால் நடத்தினார்கள். பிரிட்டிஷார் கண்டுகொள்ளவில்லை. 1948 ஜூனில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்கப் பிரிட்டிஷார் அறிவித்த அவசரகாலம் வந்தது, எல்லாம் முடிந்தது. உங்கள் ஊருக்கு அவசரகாலம் என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டாம். அந்த டிசம்பரில் பத்தாங் காலி ரப்பர் தோட்டத்தில் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் படையினர் 24 ஆண்களைச் சுட்டுக் கொன்றார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெண்களுக்கு நியாயம் கேட்க ஓட்டும் இல்லை, உறுப்பினரும் இல்லை.

முதலில் வந்தது நகராட்சித் தேர்தல்: 1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுன், 1952 பிப்ரவரியில் கோலாலம்பூர். 1955 ஜூலை 27-ல் பொதுத் தேர்தல். 52 இடங்களில் 51-ஐ, அம்னோ என்ற மலாய்க் கட்சியும் சீனர், இந்தியர் கட்சிகளும் சேர்ந்த கூட்டணி பிடித்தது. இதில் ஜெயித்த ஒரே பெண் யார், எந்தத் தொகுதி தெரியுமா? ஹலிமாத்தோன் அப்துல் மஜீத், உலு சிலாங்கூர். உங்கள் தொகுதி! நாட்டின் மத்திய சட்டமன்றத்துக்கு முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் உறுப்பினர் பத்தாங் காலி, ராசா, கெர்லிங், கோலகுபு பாரு எல்லாம் அடங்கிய வட்டாரத்திலிருந்து போனவர். பேச்சை இதில் ஆரம்பித்தாலும் தப்பில்லை.

ஆனால் அந்தத் தேர்தலில் அந்த வட்டாரத்துத் தோட்டத்துப் பெண்கள் எத்தனை பேர் அவருக்கு ஓட்டுப் போட்டிருக்க முடியும்? நாடு முழுவதும் பதிவானவர்கள் சுமார் 12 லட்சத்து 80 ஆயிரம் பேர். அதில் மலாய்க்காரர்கள் 84 விழுக்காடு. இந்தியர்கள் 5 விழுக்காட்டுக்கும் குறைவு, ஆணும் பெண்ணும் சேர்த்து. பினாங்கிலோ மலாக்காவிலோ பிறந்திருந்தால் பிரிட்டிஷ் பிரஜை என்ற வகையில் ஒரு வழி இருந்தது. சிலாங்கூர்த் தோட்டத்தில் பிறந்திருந்தால் பல ஆண்டுக் குடியிருப்புக்கு ஆதாரம், மொழி, சாட்சி என்று விண்ணப்பம் போட்டு வாங்க வேண்டும். பிறப்புப் பத்திரமே இல்லாத லயத்தில் இது நடக்கிற காரியமா? 1943-ல் கையில் துப்பாக்கி பிடித்தவர்களிலும் பலருக்கு 1955-ல் ஓட்டுச் சீட்டு இருந்திருக்காது.

மலாய்ப் பெண்களுக்கு ஓட்டு இருந்தது, ஆனால் நாற்காலி இல்லை. கதீஜா சிடெக் என்றொருவர் 1954-ல் அம்னோவின் மகளிர் பிரிவான கவும் இபுவுக்குத் தலைவியானார். சுமத்ராவில் பிறந்தவர், அவசரகாலத்தில் சிறையிலிருந்து அங்கேயே பிள்ளை பெற்றவர். வீடு வீடாகப் போய் ஓட்டுச் சேகரிப்பது நாங்கள், வேட்பாளர் பட்டியலில் மட்டும் நாங்கள் ஏன் இல்லை என்று கட்சிக்குள் கேட்டார். 1956-ல் கட்சியை விட்டு நீக்கினார்கள். அவர் பாஸ் என்ற இஸ்லாமியக் கட்சிக்குப் போய் 1959-ல் டுங்குனில் நின்று ஜெயித்து நாடாளுமன்றத்துக்குள் போனார். அந்த ஆண்டு மக்களவைக்குப் போன பெண்கள் மொத்தம் மூன்று பேர். மலாயாவில் ஓட்டுரிமைப் போராளி என்று ஒருவரைக் காட்டச் சொன்னால் நான் இவரைத்தான் காட்டுவேன்.

1957 சாசனத்தை எழுதிய ரீட் ஆணையத்தில் ஐந்து பேர், ஐந்தும் ஆண்கள். ஓட்டு விஷயத்தில் அவர்கள் பாகுபாடு வைக்கவில்லை. 21 வயது நிரம்பிய ஒவ்வொரு குடிமகனுக்கும் குடிமகளுக்கும் ஓட்டு. வித்தியாசத்தைக் குடியுரிமைப் பகுதியில் வைத்தார்கள். குடிமகன் ஒருவன் வெளிநாட்டுப் பெண்ணைக் கட்டினால் அவள் பதிவுசெய்து குடியுரிமை கேட்கலாம். குடிமகள் ஒருத்தி வெளிநாட்டுக்காரனைக் கட்டினால் அவனுக்கு அந்த வழி இல்லை. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு அப்பா வழியாகத்தான் குடியுரிமை தானாக வந்தது. பால் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்ற சொல்லே சாசனத்தின் எட்டாவது பிரிவில் 2001-ல்தான் ஏறியது. அம்மாவின் வழியாகவும் வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை வர 2024 அக்டோபரில் மக்களவை திருத்தம் நிறைவேற்றியது. 1957-லிருந்து எண்ணிப் பாருங்கள்.

நம் தோட்டத்துக்கு உண்மையான ஓட்டுரிமை நாள் என்று ஒன்று இருந்தால் அது 1957 சுதந்திர நாளான மெர்டேக்காவிலிருந்து 1958 ஆகஸ்டு கடைசி வரையிலான ஓராண்டு. இங்கே பிறந்து கடைசி ஏழு ஆண்டில் ஐந்தாண்டு இங்கே இருந்தவர்கள் பதிவுசெய்யலாம். அந்த ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மலாய் மொழிச் சோதனை கிடையாது. பள்ளிக்கூடம் போகாத ஒரு தோட்டத்துப் பெண்ணுக்கு அந்தச் சலுகைதான் வாழ்க்கை. கூட்டம் கூட்டமாக விண்ணப்பப் பாரம் நிரப்பினார்கள். 1959 தேர்தலில் மொத்த வாக்காளர்கள் இருபது லட்சத்தைத் தாண்டினார்கள். இந்தியர் பங்கும் ஏழு விழுக்காட்டை ஒட்டி வந்தது. அதே 1959 பிப்ரவரியில் சுவிட்சர்லாந்தின் ஆண்கள் தங்கள் பெண்களுக்கு ஓட்டு வேண்டாம் என்று மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையோடு தீர்ப்புச் சொன்னார்கள். அங்கே 1971 வரை ஆயிற்று. ரப்பர் பால் வெட்டிய நம் பாட்டி ஒருத்தி சுவிஸ் டாக்டரம்மாவுக்குப் பன்னிரண்டு ஆண்டு முன்னால் ஓட்டுப் போட்டிருக்கிறாள். இதைச் சொன்னால் மண்டபத்தில் கைதட்டல் நிச்சயம்.

கைதட்டல் அடங்கியதும் அடுத்ததைச் சொல்லுங்கள். அந்த ஓராண்டைத் தவறவிட்டவர்கள் யார்? எங்கள் குடும்பத்திலேயே என் பெரியம்மா. பெரியப்பா பாரம் போட்டார், மூத்த மகனுக்கும் போட்டார். "உனக்கு எதற்கு, நீ எங்கே வேலை தேடி வெளியே போகப் போகிறாய்" என்று அவரை விட்டுவிட்டார்கள். பட்டணத்துக்குப் போனால் அன்றைய சம்பளம் போய்விடும், ஆயாக்கொட்டகையில் கைப்பிள்ளை வேறு. அதைவிடப் பெரிய சிக்கல் பெயர். செக்ரோலில் கிராணி எழுதிய பெயர் ஒன்று, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தில் ஒன்று, அடையாள அட்டையில் இன்னொன்று. மூன்றும் ஒரே ஆள்தான் என்று காட்ட அவர் கையில் இருந்தது கைநாட்டு மட்டுமே. பிற்காலத்தில் ஐசி எனும் அடையாள அட்டையை நிறம் பிரித்தபோது அவருக்குக் கிடைத்தது குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு ஐசி. 1969-ல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் என்று சட்டம் பாய்ந்தபோது வயிறு கலங்கிப்போய் நின்றார். அப்போது பல்லாயிரம் பேர் தாங்கள் பார்த்திராத இந்தியாவுக்கே கப்பல் ஏறினார்கள். பெரியம்மா எப்படியோ தங்கிவிட்டார். தேர்தல் நாளில் பெரியப்பாவும் பிள்ளைகளும் ஓட்டுப் போடப் போவார்கள், இவர் வீட்டில் சமைப்பார். பிறகு மகன்கள் விண்ணப்பத்துக்கு மேல் விண்ணப்பம் போட்டார்கள். கவுண்டரில் அந்த வயதில் மலாயில் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பியதுண்டு. குடிமக்களுக்கான நீல ஐசி வருமுன் அவர் காலம் முடிந்துவிட்டது.

பெயரால் ஓட்டுப் போனது இங்கே மட்டும் நடந்ததில்லை. இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலுக்கு, 1951–52-ல், பட்டியல் எடுக்கப் போனபோது வடக்கில் பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னார் மனைவி, இன்னார் மகள் என்றே சொன்னார்கள். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென், சொந்தப் பெயர் இல்லாமல் பட்டியலில் இடமில்லை என்று உறுதியாக நின்றார். ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் பெயர் தராததால் பட்டியலை விட்டுப் போனார்கள். அடுத்த தேர்தலுக்குள் பெயர் சொல்ல வைத்துவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். கொடுமை என்று அப்போது பேசினார்கள். எனக்கு அது சரியான பிடிவாதமாகத்தான் படுகிறது.

இன்னொரு சிக்கல் கோயில் கல்யாணம். 1982 மார்ச்சிலிருந்து முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தைப் பதிவுசெய்தே ஆக வேண்டும். அதற்குப் பிறகும் தோட்டத்தில் தாலி கட்டினால் போதும் என்று விட்டவர்கள் ஏராளம். பதிவில்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குச் சட்டத்தின் கண்ணில் அப்பா வழி இல்லை, அம்மா வழி மட்டும்தான். அம்மாவிடம் தாள் இல்லையென்றால் அப்பா நீல ஐசி வைத்திருந்தும் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. பாட்டி 1958-ல் பாரம் போடாதது பேத்தியின் ஐசியில் வந்து நிற்கிறது. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டு, தோட்டத்தை விற்று, சனங்கள் தாமான் எனும் குடியிருப்புப் பேட்டை வீடுகளுக்குச் சிதறிய பிறகு சாட்சி சொல்லக் கிராணியும் இல்லை, வேலையை மேற்பார்த்த மண்டோரும் இல்லை, செக்ரோலும் இல்லை. 2011-ல் மைடாஃப்தார் என்று ஓர் இயக்கம் நடத்தி இப்படிப்பட்டவர்களைப் பதிவுசெய்தார்கள். அதில் வராமல் போனவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

2019 ஜூலையில் மக்களவை ஓட்டு வயதை 18 ஆக்கியது, 2021 டிசம்பர் 15 முதல் நடைமுறை. அதோடு தானியங்கிப் பதிவும் வந்தது. தபால் நிலையத்துக்குப் போய்ப் பாரம் போட வேண்டிய வேலை போயிற்று. 2018-ல் ஒன்றரைக் கோடியை ஒட்டியிருந்த வாக்காளர்கள் 2022-ல் இரண்டு கோடியைத் தாண்டினார்கள். அண்ணனோ கணவரோ கூட்டிப்போகாததால் பதிவாகாமல் இருந்த பெண்களுக்கு இது நல்ல காலம். ஆனால் கணினி தானாகச் சேர்ப்பது குடியுரிமை ஐசி உள்ளவர்களைத்தான்.

பேச்சுக்கு ஒரு யோசனை. மண்டபத்துக்கு வருகிற தொண்ணூறு வயதை ஒட்டிய பாட்டிகளிடம் முன்கூட்டியே போய்ப் பேசுங்கள். 1959-ல் ஓட்டுப் போட்டார்களா, பாரத்தை யார் நிரப்பியது, என்ன பெயர் எழுதினார்கள், அதற்கு எந்தத் துரையிடம் லீவு கேட்டார்கள் என்று கேளுங்கள். பாய்மரக் கப்பல் சின்னத்தில் போட்டேன் என்று யாராவது சொன்னால் அவர் கூட்டணிக்குப் போட்டவர். யாருக்குப் போடச் சொல்லி வீட்டுக்காரர் சொன்னார், நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்றும் கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லச் சிலர் இன்றைக்கும் சுற்றும் முற்றும் பார்ப்பார்கள்; வற்புறுத்த வேண்டாம். ஐசி சிக்கல் உள்ள பிள்ளை யாராவது கூட்டத்தில் இருந்தால், அம்மாவின் பிறப்புப் பத்திரம், பள்ளிப் பதிவு, மருத்துவமனைச் சீட்டு, தோட்டத்துப் பழைய தாள் எது கிடைத்தாலும் முதலில் நகல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், பிறகு பதிவுத் துறைக்குப் போகட்டும்.